சுவரில் மடங்கும் வேலை மேசை: எங்கே ஆடுது, ஏன் ஆடுது?

மாடிப்படிக்கு அடியில் ஆறடி இடம், போர்ட்டிகோவில் வண்டி நிறுத்தியது போக மிஞ்சும் ஒரு பக்கச் சுவர், வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் சீட் போட்டு இறக்கிய ஒரு சாய்ப்பு. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் வீட்டிலேயே சின்னதாகப் பட்டறை போட நினைக்கிறவர்களுக்கு வாய்க்கும் இடம் பெரும்பாலும் இதில் ஒன்றுதான். வேலை முடிந்ததும் அங்கே வண்டி நிற்க வேண்டும், துணி காய வேண்டும். அதனால் மேசை சுவரோடு மடங்கியே ஆக வேண்டும்.

இங்கே பேசப்போவது பலரும் செய்கிற எளிய அமைப்பைப் பற்றி. சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு மரச்சட்டம், அதில் கீல் வைத்துத் தொங்கும் நாலடிக்கு இரண்டடிப் பலகை, பலகையின் முன் விளிம்பில் இரண்டு மடக்குக் கால். உறுப்பு மூன்றுதான் என்றாலும் கோளாறு ஒன்றில் தெரியும், காரணம் இன்னொன்றில் இருக்கும். பலகை ஆடும், குற்றம் சுவரில் இருக்கும். கீல் பிய்ந்து வரும், குற்றம் தரையில் இருக்கும். அது தெரியாமல்தான் ஆட்டம் கண்டவுடன் தடித்த பைப்பும் பெரிய ஸ்க்ரூவும் வாங்கக் கிளம்பிவிடுகிறோம். அதனால் ஒவ்வொரு கோளாறுக்கும் முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. மாற்று வேலை அதற்கு அப்புறம்.

மேசை ஆடுகிறது

'ஆடுகிறது' என்பது மூன்று வேறு கோளாறுகளுக்குப் பொதுப்பெயர். எந்தத் திசையில் ஆடுகிறது என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது. மேசையை முழுக்க விரித்து, மேலே உள்ளதையெல்லாம் எடுத்துவிட்டு, முன் விளிம்பின் நடுவில் ஒரு கையை வையுங்கள்.

மூலையை அழுத்தினால் டக்கென்று கீழே இறங்கி, கையை எடுத்தால் மேலே வருகிறதா? அது தரைக் கோளாறு. ஒரு விசிட்டிங் கார்டை ஒவ்வொரு காலுக்கும் அடியில் நுழைத்துப் பாருங்கள், எந்தக் காலடியில் போகிறதோ அந்தக் கால் தொங்குகிறது. போர்ட்டிகோவுக்கும் பொடக்காலிக்கும் தண்ணீர் ஓட வாட்டம் வைத்துத்தான் தளம் போட்டிருப்பார்கள். நூறுக்கு ஒன்று வாட்டம் என்றாலே நாலடி நீளத்துக்கு அரை அங்குலம், அதாவது நாலு நூல் இறங்கிவிடும். உடனே உயரமான காலை அறுத்துவிடலாம் என்று தோன்றும். அறுக்காதீர்கள். வீடு மாற்றினாலோ, மேசையைப் பக்கத்துச் சுவருக்கு நகர்த்தினாலோ அறுத்த கால் மறுபடி வளராது. இரும்பு பைப் கால் என்றால் அடியில் ஒரு 12 எம்எம் நட்டை வெல்டு வைத்து, தலை தரையைப் பார்க்க ஒரு போல்ட்டைத் திருகி ஏற்றுங்கள். போல்ட்டைத் திருகத் திருகக் கால் ஏறும், இறங்கும். இன்னொரு நட்டை மேலே இறுக்கிப் பூட்டிவிட்டால் அப்படியே நிற்கும். தலைக்குக் கீழே ஒரு ரப்பர் புஷ் போட்டால் டைல்ஸ் கீறாது.

மேசை இடம் வலமாக, அதாவது சுவர் ஓடும் திசையில் ஆடுகிறதா? கால்களின் மேல்மூட்டு திரும்புகிறது. தீப்பெட்டியின் வெளிக்கூட்டை விரலால் தள்ளினால் சாய்ந்து படுப்பது போல, மேசையும் கால்களும் சேர்ந்து சாய்கின்றன. இந்த ஆட்டத்துக்குத் தடித்த கால் போடுவதால் பயன் ஒன்றுமில்லை. ஒன்றரை அங்குலப் பைப்பை எடுத்துவிட்டு இரண்டங்குலம் போட்டாலும் திரும்புகிற மூட்டு அதே மூட்டுதான். சோதனை இது: கைக்குக் கிடைத்த ஒரு ரீப்பரை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தை எடுத்து, ஒரு முனையைக் காலின் நடுப்பகுதியிலும் மறுமுனையைப் பலகையின் அடியிலும் சாய்வாக வைத்து சி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஆட்டம் நின்றுவிட்டதா? சரி, உங்கள் மேசைக்கு வேண்டியது அந்தச் சாய்வுத் தாங்கல்தான். ஓரங்குல இரும்புப் பட்டையில் நிரந்தரமாகச் செய்து, பலகைப் பக்க முனைக்குக் காதுள்ள நட்டு போட்டுக்கொண்டால் மடக்கும்போது கையாலேயே கழற்றலாம்.

தாங்கல் ஏற்கெனவே இருந்தும் ஆடுகிறது என்றால், அது காலைப் பிடிக்கிற இடத்தைப் பாருங்கள். மேல்மூட்டிலிருந்து நாலங்குலம் தள்ளிப் பிடித்திருந்தால், போல்ட் ஓட்டையில் இருக்கிற ஒரு மில்லிமீட்டர் லூஸ், 33 அங்குலக் காலின் நுனியில் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டமாகிவிடும். அதே லூஸ், பன்னிரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்தால் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கும். ஓட்டையை மாற்றிப் போடுவதற்கு ஆகும் செலவு ஒரு ட்ரில் பிட்டின் தேய்மானம் மட்டுமே.

மூட்டு போல்ட்டின் லூஸையே எடுக்க வேண்டுமென்றால், போல்ட்டைச் சுற்றி இறுக்கமாக உட்காரும் புஷ், அதாவது ஒரு சின்னக் குழல் போட வேண்டும். அதற்கு நம்ம கோயமுத்தூரைப் போல வசதியான ஊர் இல்லை. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேட்டுச் சந்துகளில் லேத் வைத்திருப்பவர்களிடம் போய், "ஏனுங்ணா, பத்து எம்எம் போல்ட்டுக்கு ரெண்டு புஷ் போட்டுத் தர முடியுங்களா?" என்று கேட்டால் அவர்கள் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "போல்ட்டக் கொண்டாந்தீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். கேட்பது நியாயம். பத்து எம்எம் என்று விற்கிற போல்ட்டின் தண்டு வெர்னியர் அளவுகோலில் பத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். அந்தக் குறைச்சலுக்கு ஏற்பக் கடைந்தால்தான் புஷ் கைக்கு இறுக்கமாக உட்காரும். போல்ட்டையும் காலையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். மடங்குகிற மூட்டுக்குச் சாதா நட்டு வேண்டாம், உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு போடுங்கள். முழுக்க இறுக்காமல் விட்டாலும் அது தானாகக் கழறாது.

மூன்றாவது, முன்னும் பின்னும், அதாவது சுவரை நோக்கிப் போய்வருகிற ஆட்டம். இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அவரைப் பலகையைத் தள்ளி இழுக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் சுவர்ச்சட்டமும் பூச்சும் சேருகிற கோட்டில் விரல்நுனியை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். அங்கே அசைந்தால் சுவர் போல்ட்தான், அடுத்த பகுதிக்குப் போங்கள். அங்கே அசையாமல் கீலின் குழலில் அசைந்தால் கீல் மெலிசு. தகட்டைச் சுருட்டிய குழல் பாரத்தில் வாய் பிளந்துவிடும். கீலை மாற்றுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள்: பலகையின் அடியில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு டவர் போல்ட் வைத்து, விரித்தபின் சுவர்ச்சட்டத்துக்குள் தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள். பாரம் தாழ்ப்பாளுக்குப் போய்விடும், கீல் மடக்குவதற்கு மட்டும் இருக்கும். பாதி மேசைகளுக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை என்பது என் கருத்து.

சுவரிலிருந்து போல்ட் பிடுங்கிக்கொண்டு வருகிறது

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விழுந்து, போல்ட்டைச் சுற்றிப் பூச்சு உதிர்ந்தால் உடனே மேசையின் மேலுள்ள பாரத்தை இறக்குங்கள். அப்புறம் சுவர் எதனால் கட்டியது என்று கண்டுபிடியுங்கள். பழைய துளைக்குப் பக்கத்தில் ஆறு எம்எம் பிட்டால் ஒரு துளை போட்டால் தெரிந்துவிடும். பூச்சு தாண்டிச் சிவப்புத் தூள் சீராக வந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூள் வந்து, ஓரங்குலம் போனதும் பிட் திடீரென்று வெறுமையில் விழுந்தால் ஹாலோ பிளாக். சாம்பல் தூளே கடைசிவரை வந்தால் சாலிட் பிளாக்கோ ஃபிளை ஆஷ் கல்லோ. வெண்மையாக, மாவு போல, பிட்டுக்கு எதிர்ப்பே இல்லாமல் வந்தால் எடை குறைந்த ஏஏசி பிளாக்.

ஹார்டுவேர் கடையில் விவரம் சொன்னால், "பெரிய ஆங்கர் போல்ட்டா போட்டுருங்ணா, அசையாது" என்பார்கள். ஹாலோ பிளாக்கில் இதுவேதான் தப்பு. ஆங்கர் போல்ட் உள்ளே விரிந்து கல்லை நெருக்கிப் பிடிப்பது. ஓரங்குல ஓடு அந்த நெருக்கலைத் தாங்காது, உள்பக்கமாகப் பெயர்ந்து குழிக்குள் விழுந்துவிடும். போல்ட் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகப் பெயரும். வெளியே பார்த்தால் இறுகியது போலவே இருக்கும்.

ஹாலோ பிளாக்குக்கு மூன்று வழி. சுவரின் மறுபக்கம் உங்களுடையதாக இருந்தால், நூல் வெட்டிய ராடைத் துளைத்து மறுபக்கம் விட்டு, அங்கே ஒரு நாலங்குலச் சதுரத் தகடு வைத்து நட்டு போடுவது. இதைவிட உறுதி வேறில்லை. வெளிச்சுவர் என்றால் தகட்டைச் சுற்றி மழைநீர் புகாமல் பூசிவிட வேண்டும். இரண்டாவது, வலைக்குழாய் நுழைத்து அதற்குள் கெமிக்கல் ஆங்கர் பசையை நிரப்பிப் போல்ட்டை உட்கார வைப்பது. பசை குழிக்குள் பரவிக் கெட்டியாகிப் பிடித்துக்கொள்ளும், கல்லை நெருக்காது. மூன்றாவது, சுவரை நம்பாமலே விடுவது. சுவர்ச்சட்டத்துக்கு அடியில் தரைவரை இரண்டு நிலைக்கட்டை நிறுத்திவிட்டால், பாரம் நேராகத் தரைக்கு இறங்கிவிடும். சுவர் போல்ட்டுக்கு மேசையைச் சாயாமல் பிடிக்கிற வேலை மட்டும்தான் மிச்சம். மண் சாந்தில் கட்டிய பழைய ஓட்டு வீட்டுச் சுவருக்கும், தோட்டத்துச் சாளைக்கும், ஏஏசி பிளாக்குக்கும் இந்த மூன்றாவதுதான் பொருத்தம். நிலைக்கட்டை இரண்டு அங்குல இடத்தைக்கூட அடைக்காது.

செங்கல் சுவர் நல்லதுதான். ஆனால் அங்கேயும் போல்ட் சாந்து இணைப்பில் விழுந்திருந்தால் வரும். கல்லின் நடுவுக்கு மாற்றுங்கள். பூச்சையே முக்கால் அங்குலம் வரை போட்டிருப்பார்கள் என்பதால், போல்ட்டின் நீளத்தைப் பூச்சு கழித்துத்தான் கணக்கிட வேண்டும்.

சுவர் நல்லது, போல்ட் நல்லது, இருந்தும் பிடுங்குகிறது என்றால் உங்கள் மேசை முன்கால் இல்லாமல் வெறும் முக்கோண பிராக்கெட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டடி ஆழப் பலகையின் முன் விளிம்பில் 50 கிலோ ஏறினால், ஓரடி உயர பிராக்கெட்டின் மேல் போல்ட்டுகள் 100 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். ஒரு ஆள் சும்மா சாய்ந்து உட்கார்ந்தாலே 50 கிலோவைத் தாண்டும். பிராக்கெட் புத்தக அலமாரிக்குப் போதும், சுத்தியும் ரம்பமும் புழங்கும் மேசைக்குக் கால் வேண்டும்.

மடக்கும்போது சிக்குகிறது, அல்லது மடங்கவே மாட்டேன் என்கிறது

பலகை பாதி இறங்கி நின்று, கீல் பக்கம் மரம் முனகினால், கீல் தவறான முகத்தில் இருக்கிறது. கீழ்நோக்கித் தொங்குகிற பலகைக்குக் கீலின் முள் பலகையின் அடிமட்டத்தில் இருக்க வேண்டும். மேல்முகத்தில் வைத்தால் பலகையின் அடி விளிம்பு சுவர்ச்சட்டத்துக்குள் போக முயற்சி செய்யும், போக வழியில்லை. சுவரோடு மேல்நோக்கி மடங்குகிற பலகைக்கு இதற்கு நேர் எதிர், கீல் மேல்முகத்தில்.

சீராகப் போகாமல் விட்டுவிட்டு இறுகினால், மூன்று கீல்களின் முள்ளும் ஒரே கோட்டில் இல்லை. நடுக்கீலின் ஸ்க்ரூக்களைத் தளர்த்திவிட்டு மடக்கிப் பாருங்கள். லேசாகப் போனால் அந்தக் கீலைத்தான் நகர்த்த வேண்டும். இரண்டு முனைக் கீலுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டினால் எவ்வளவு விலகல் என்று தெரியும்.

இன்னொன்று, வரைந்து பார்க்காமல் செய்கிறவர்களைப் பிடிப்பது. மேசை உயரம் 34 அங்குலம் என்றால் கால் ஏறத்தாழ 33. பலகையின் ஆழம் 24. அந்தக் காலைச் சுவர்ப்பக்கமாக மடக்கினால் ஒன்பதங்குலம் மிஞ்சி சுவர்ச்சட்டத்தில் இடிக்கும். கால்களைப் பக்கவாட்டில், பலகையின் நீளவாக்கில் மடக்க வேண்டும். நாலடி நீளத்தில் இரண்டு 33 அங்குலக் கால்கள் எதிரெதிரே மடங்கினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் என்பதால், ஒன்றை முன் விளிம்பை ஒட்டியும் மற்றதை அதற்கு இரண்டங்குலம் உள்ளேயும் வைக்க வேண்டும். சுவர்ச்சட்டம் இரண்டங்குலக் கனமாவது இருந்தால்தான் தொங்கும் பலகைக்குப் பின்னால் கால்கள் அடங்கும். மெல்லிய சட்டம் போட்டுவிட்டீர்களா? சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு ரீப்பரைப் பேக்கிங்காகக் கொடுத்து முன்னே தள்ளலாம், போல்ட்டை மட்டும் அதற்கேற்ப நீளமாக்க வேண்டும்.

மேல்நோக்கி மடங்கும் மேசையில் கால் தானாகத் தொங்கிக்கொள்ளும் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பத்திருபது கிலோப் பலகை தலைக்கு நேராக நிற்கும். இரண்டு பக்கமும் கொக்கி போடுங்கள், ஒன்று போதாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நான் தொங்கும் வகையைத்தான் சொல்வேன்.

பலகை வளைந்துவிட்டது

நடுவில் பள்ளமா, விளிம்பு தூக்கியதா என்று ஒரு நேரான சட்டத்தை வைத்துப் பாருங்கள். நடுவில் தொய்ந்திருந்தால் கனம் போதவில்லை. 19 எம்எம் பிளைவுட் ஒற்றையாக நாலடிக்குப் பாரம் தாங்காது. இரண்டு ஷீட்டைச் சேர்க்கும்போது ஒரு விஷயம்: சும்மா அடுக்கி நாலு ஸ்க்ரூ போட்டால் விறைப்பு இரண்டு மடங்குதான் கூடும். முழுப்பரப்பிலும் பசை தடவி ஒட்டினால் எட்டு மடங்கு. வித்தியாசம் ஒரு டப்பா பசை. ஒட்டும்போது செங்கல், தண்ணீர்க்குடம் என்று எது கிடைத்தாலும் மேலே ஏற்றி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

விளிம்பு தூக்கியிருந்தால் அநேகமாக மேல்முகத்தில் மட்டும் மைக்கா ஒட்டியிருப்பீர்கள். மேலே காற்றின் ஈரம் புகாது, அடியில் புகும். பங்குனி, சித்திரையில் காய்ந்து சுருங்கியது, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரலோடு காற்று வரும்போது அடிப்பக்கம் மட்டும் ஊதும். அடிப்பக்கமும் விலை குறைந்த ஒரு மைக்காவையோ, குறைந்தது இரண்டு கை வார்னிஷையோ கொடுத்தால் இரண்டு முகமும் சமமாக நடந்துகொள்ளும். மேற்குப் பார்த்த சாய்ப்பில், சாரல் நேராக அடிக்கிற இடத்தில், சாதாப் பிளைவுட்டை வைத்துவிட்டு வார்னிஷைக் குறை சொல்ல முடியாது. அங்கே கொதிநீர் தாங்கும் பிடபிள்யூஆர் தரமாவது வேண்டும். விளிம்புகளில் ரீப்பர் ஒட்டி மூடிவிடுங்கள், ஈரம் முதலில் ஏறுவது வெட்டிய விளிம்பில்தான்.

தேக்கு, வாகை, சில்வர் ஓக் பலகைகளைச் சேர்த்துச் செய்த மேசை என்றால் அகலவாக்கில் பருவத்துக்குப் பருவம் ஒன்றிரண்டு நூல்கூட விரியும், சுருங்கும். அடிச்சட்டத்தில் ஸ்க்ரூவுக்கு உருண்டைத் துளை போட்டால் பலகை பிளக்கும். துளையை நீள்வட்டமாக இழுத்துவிடுங்கள்.

சுத்தி அடித்தால் சாமான் துள்ளுகிறது

நடுப்பலகையில் அடிக்கிறீர்கள். காலுக்கு நேர் மேலே அடியுங்கள். அங்கேயும் துள்ளினால் காலடி ரப்பர் மெத்தென்று இருக்கிறது, கெட்டி ரப்பராக மாற்றுங்கள்.

வைஸ் தளர்கிறது, அல்லது நீளமான வேலை பிடிக்க முடியவில்லை

சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸை மர ஸ்க்ரூவால் பிடித்திருந்தால் அது தளராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பலகை முழுக்கத் துளைத்து, அடியில் அகல வாஷர் அல்லது ஒரு துண்டுத் தகடு வைத்து நட்டு போட வேண்டும். இடம், கால் நிற்கிற மூலை. வைஸின் நிலைத்தாடை மேசை விளிம்பைவிட ஒரு நூலாவது வெளியே நீட்டி நிற்க வேண்டும். உள்ளே தள்ளி வைத்தால், நீளமான பட்டையைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது அதன் கீழ்ப்பகுதி மேசையில் இடிக்கும்.

மடக்கும் மேசைக்கு வைஸே ஒரு சங்கடம். ஐந்தங்குல வைஸ் பத்துக் கிலோவை ஒட்டி வரும், அதோடு பலகையை மடக்கினால் கீல்தான் பலி. வைஸை இரண்டடித் தடித்த கட்டை ஒன்றில் நிரந்தரமாகப் போல்ட் போட்டுவிட்டு, வேண்டும்போது அந்தக் கட்டையை இரண்டு சி கிளாம்ப்பால் மேசையில் பிடித்துக்கொள்ளலாம். வார்ப்பிரும்பு வைஸின் மேல் வைத்து எதையும் சுத்தியால் அடிக்காதீர்கள். வார்ப்பிரும்பு வளைந்து காட்டாது, நேரே உடையும்.

இடுப்பும் தோளும் வலிக்கின்றன

கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள். இழைப்புளி போடுவதற்கு விரல் முட்டி உயரம், ரம்பம், ட்ரில் வேலைக்கு மணிக்கட்டு உயரம், சால்டரிங் போன்ற நுணுக்க வேலைக்கு முழங்கைக்குக் கொஞ்சம் கீழே. மூன்றுக்கும் ஒரே மேசை என்றால் மணிக்கட்டு உயரத்தில் வைத்துக்கொண்டு, நுணுக்க வேலைக்கு மேலே ஒரு சின்னப் பெட்டியை வைத்துக்கொள்வதே சுலபம்.

மேசைக்கு அடியில் மாவு கொட்டுகிறது

ரம்பத் தூள் என்று பெருக்கிவிட வேண்டாம். வேலை செய்யாத நாளிலும், அதே இடத்தில், மைதா போல நைஸாகச் சின்னக் குவியலாக இருந்தால் வண்டு உளுக்கிறது. ரப்பர் மரத்திலும், சரியாகப் பதப்படுத்தாத பிளைவுட்டிலும் வரும். நேர் மேலே குண்டூசித் தலை அளவில் ஓட்டை தெரியும். பரவாமல் ஓரிடத்தில்தான் இருக்கிறதென்றால் ஊசியால் மருந்தை ஓட்டைக்குள் ஏற்றி, மெழுகால் அடைத்துப் பார்க்கலாம். கட்டை முழுக்க ஓட்டை என்றால் அந்தத் துண்டை மட்டும் கழற்றி எரித்துவிட்டு வேறு போடுங்கள், மற்ற மரத்துக்குப் போவதற்கு முன்.

மாவுக்குப் பதில் காலிலோ சுவர்ச்சட்டத்தின் பின்னாலோ மண் கோடு ஏறினால் கரையான். கோட்டைத் துடைத்துவிட்டால் அடுத்த வாரம் வேறு பக்கம் ஏறும். ஏறுகிற வெடிப்பைத் தரையில் தேடிப் பிடித்து, மருந்து விட்டு, சிமெண்டால் அடைக்க வேண்டும். மரக்காலை நேராகத் தரையில் ஊன்றாமல் ஓரங்குல இரும்புக் குப்பி மாட்டி நிறுத்துங்கள். கரையான் அப்போதும் வரலாம். ஆனால் இரும்பின் மேல் கோடு கட்டித்தான் ஏற வேண்டும், அது பெருக்கும்போதே கண்ணில் படும்.